நுனி பிடிக்க ஆள் இல்லை

டேப்பு சார் யார் வீட்டை அளக்கப் போனாலும் டேப்பின் ஒரு நுனியை அந்த வீட்டு ஆள் கையில்தான் கொடுப்பார். கூடவே உதவியாள் வந்திருந்தாலும் அவரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிடுவார். "உங்க இடம், நீங்களே பிடிங்க" என்பார். இருபது வருஷமாக இதைப் பார்த்திருக்கிறேன். என் தையல் கடை எங்கள் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. மிஷினில் உட்கார்ந்தால் தெரு முழுக்கக் கண்ணில் படும். எனக்குப் பேச வராது. பார்க்க வரும்.

அவர் நகராட்சி சர்வேயர். எல்லைக் கல் சுமக்கும் ஆளாகச் சேர்ந்து, தபாலில் படித்து, பரீட்சை எழுதி அந்த வேலைக்கு வந்தவர். சட்டைக் காலர் நைந்துபோனால் புதுச் சட்டை வாங்க மாட்டார். என்னிடம் கொண்டுவந்து காலரைத் திருப்பித் தைக்கச் சொல்வார். அளக்கப் போகும் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். சைக்கிளில் ஒரு பாட்டில் தொங்கும்.

என் வீட்டுக்காரரும் அவர் அண்ணனும் வீட்டைப் பாகம் பிரித்தபோதுதான் அவரிடம் முதலில் பேசினேன். அண்ணன் தம்பிக்குள் அப்போது பேச்சு இல்லை. ஒருவர் பிடித்தால் மற்றவர் நம்ப மாட்டார். அதனால் டேப்பு சார் நுனியை என்னிடம் நீட்டினார்.

"தையல்காரம்மா, உனக்குத் தெரியாத டேப்பா? நுனியில வளையம் போச்சு, முதல் மீட்டர்ல எண்ணெல்லாம் அழிஞ்சு போச்சு. அதனால ஒண்ணுல பிடி. கடைசியில வர்ற எண்ணுல ஒண்ணைக் கழிச்சிடலாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. என் தையல் டேப்பும் அப்படித்தான். முதல் அங்குலம் நைந்து நூலாகத் தொங்கும். நானும் இரண்டில் வைத்து அளந்துவிட்டு இரண்டைக் கழிப்பேன். அதை எடுத்துக் காட்டினேன். "பாத்தியா, நாம ரெண்டு பேரும் ஒரே கட்சி" என்றார். அண்ணன் தம்பி இருவரும் அந்த அளவை ஒப்புக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு ஊர் வேகமாக மாறியது. புறநகரில் முதலில் ஒரு தொழிற்சாலை வந்தது, பிறகு ஐந்து. தோட்டமாக இருந்த இடமெல்லாம் மாடிக் கட்டடங்கள் ஆயின. எங்கள் தெருவில் வாடகைக்கு இருந்தவர்கள் பாதிப் பேர் வண்டி வாங்கினார்கள், மீதிப் பேர் வீட்டைக் காலி செய்தார்கள். யாருக்கு எதனால் கிடைத்தது, யாருக்கு ஏன் கிடைக்கவில்லை என்று ஒருவருக்கும் புரியவில்லை. புரியாததற்கெல்லாம் அலுவலகத்தைக் கைகாட்டினோம்.

அலுவலகமும் மாறியது. முன்பு அங்கே ஒரு நீளமான பெஞ்ச் இருக்கும். மனுவோடு போனவரும் குமாஸ்தாவும் அதில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவார்கள். புதுக் கட்டடத்தில் டோக்கன், காவலாளி, கண்ணாடித் தடுப்பு. பேசுவதற்கான ஓட்டையை இடுப்பு உயரத்தில் வைத்திருந்தார்கள். குனிந்தால்தான் நம் குரல் உள்ளே போகும். 'ஊழியர்களைப் படம் பிடிக்கக் கூடாது' என்று ஒரு பலகை. அந்தப் பலகையையே எல்லாரும் படம் பிடித்தார்கள்.

"அவங்க கேமரா நம்மளைப் பாக்குது, நம்ம போன் அவங்களைப் பாக்குது. வேலையை யாருப்பா பாக்குறது?" என்று பக்கத்து வீட்டு ரிட்டயர்டு கண்டக்டர் கேட்பார். சிரிப்போம்.

எங்கள் தெருவை அகலப்படுத்தி நெடுஞ்சாலையோடு சேர்க்கப் போவதாக நோட்டீஸ் வந்தது. வாசல் அகலத்தைக் கணக்கிட்டு நஷ்டஈடு. ஐம்பத்திரண்டு வீடுகளை இரண்டே நாளில் அளந்து முடிக்க டேப்பு சாருக்கு உத்தரவு. அவர் வருவதற்கு முந்தின நாளே தெருவில் ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. டேப்பைத் தொட்டால் இடத்தைக் கொடுக்கச் சம்மதித்ததாக எழுதிக்கொள்வார்களாம். யார் சொன்னது என்று கேட்டால், எல்லாரும் சொல்கிறார்கள் என்றார்கள்.

அதனால் அந்த இரண்டு நாளும் யாரும் நுனியைப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு வாசலிலும் அவர் நீட்டிய டேப் அப்படியே நின்றது. எல்லார் கையிலும் போன் இருந்தது. கூட உதவியாளும் இல்லை; அவர் டேப்பை ஆணி அடித்து நிறுத்தி, தனியாக இழுத்துக்கொண்டு நடந்தார். விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் "எழுத்துல கொடுங்க சார்" என்றார்கள். பிறகு அவர் விளக்குவதை விட்டுவிட்டார்.

என் வாசலுக்கு வந்தபோது வியர்த்துக் கொட்டியிருந்தது.

"நீயாவது பிடிம்மா. ஒண்ணுல பிடிக்கணும், ஞாபகம் இருக்குல்ல?"

என் ஓரகத்தி பின்னாலிருந்து முதுகில் இடித்தாள். "தொட்டுடாதே, சொல்லிட்டேன்."

"கையில வேலை இருக்கு சார்" என்றேன்.

என் கையில் ஒன்றும் இல்லை. அவரும் பார்த்தார். குனிந்து, ஒன்று என்ற எண்ணின் மேல் ஆணியை வைத்து அடித்தார். ஒரு முழத் தூரத்தில் நின்று நான் அதைப் பார்த்தேன்.

மறுநாள் எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன் என் கடைக்கு வந்தார். யூனிபார்ம் வாங்க வந்த ஐந்தாறு பெண்கள் அங்கே இருந்தார்கள். அவர் எடுத்த வீடியோவைக் காட்டினார். என் வாசல்தான். ஆணி இருக்கும் பக்கம் படத்தில் இல்லை.

"நல்லாப் பாருங்க. டேப்புல அஞ்சு இருபது. வாயில சொல்றது நாலு இருபது. ஒரு மீட்டர் எங்கே போச்சு?"

"டேப்பு சார் முழுங்கிட்டார்" என்றாள் ஒருத்தி.

"அக்கா வீட்டுலயே கைவரிசையைக் காட்டிட்டாரே! காலரை ஓசியில திருப்பிக் கொடுத்தீங்களோ?"

எல்லாரும் சிரித்தார்கள். அவர் ஒரு நாளும் கூலி தராமல் போனதில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் எலக்ட்ரீஷியன், "அக்கா வீடுதான் நமக்கு அத்தாட்சி" என்றார். முதல் தடவையாக அத்தனை பேரும் என்னை மதிப்போடு பார்த்தார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. அது மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. ஐந்து இருபது என்று ஆகிவிட்டால் நல்லதுதானே என்றும் மனசுக்குள் ஓடியது. மனு என் வெட்டு மேஜையில்தான் எழுதப்பட்டது. கையெழுத்துப் போட்டேன்.

விசாரணைக்குப் புது அதிகாரி வந்திருந்தார். முப்பது வயதுகூட இருக்காது. டேப்பு சார் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். முதல் மீட்டர் அழிந்துபோனது, ஒன்றில் வைத்து அளப்பது, புது டேப் கேட்டு மூன்று தடவை எழுதிக் கொடுத்தது.

"பழுதான டேப்பால அளக்கச் சொல்லி யார் சொன்னாங்க?"

"வேற கொடுக்கலை சார்."

அதிகாரி அதைக் குறித்துக்கொள்ளவில்லை. அத்தனை கண்ணாடி வாங்கிய அலுவலகத்தில் ஒரு டேப் இல்லை என்று எப்படி எழுதுவார்? என் பக்கம் திரும்பினார்.

"அம்மா, வீடியோவுல இருக்கிறது உங்க வீடு. இவர் ஒண்ணுல வச்சாரா, நுனியிலயா? நீங்க பார்த்தீங்களா?"

பின்னால் தெருவே உட்கார்ந்திருந்தது.

"கவனிக்கலை சார்."

அந்தத் தெருவில் நான் கவனிக்காதது ஒன்றும் கிடையாது. அது டேப்பு சாருக்கும் தெரியும். அவர் "சரி சார்" என்று அதிகாரியிடம் சொல்லிவிட்டுக் கோப்பைக் கட்டினார். வெளியே வந்தபோது படிக்கட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள்.

"பார்த்து இறங்குங்கம்மா, வழுக்குது" என்றார். அதற்கு முன் ஒரு நாளும் அவர் என்னை 'நீங்க' என்று சொன்னதில்லை.

பத்து நாள் கழித்து வேறு ஆட்கள் முக்காலி வைத்த மெஷினோடு வந்து எல்லா வீடுகளையும் மறுபடி அளந்தார்கள். ஒரு விரல்கூட மாறவில்லை. என் வீடு நாலு இருபது. அளவுகளை நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள்.

"மெஷின் யாருது? அவங்களோடதுதானே?" என்றார் எலக்ட்ரீஷியன்.

அன்றைக்குத்தான் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, அவர் ஒண்ணுலதான் ஆணி அடிச்சார். நான் பார்த்தேன்" என்றேன்.

அவர் முகம் மாறியது. கோபம் இல்லை, பயம். "இப்ப வந்து சொல்றீங்களே அக்கா! பொய் மனு கொடுத்தோம்னு நம்ம எல்லாரையும் உள்ளே தள்ளிடுவாங்க. அவங்களை நம்ப முடியுமா? விசாரணையில வேற பொய் சொல்லியிருக்கீங்க. முதல் ஆளா உங்களைத்தான் பிடிப்பாங்க. வாயே திறக்காதீங்க."

நான் திறக்கவில்லை. எனக்குச் சுலபமாக வருவதும் அதுதான்.

அலுவலகம் டேப்பு சார் மேல் தப்பில்லை என்றும் எழுதவில்லை, தப்பு என்றும் எழுதவில்லை. மக்கள் ஆட்சேபித்த ஊழியரை மறுபடி வெளி வேலைக்கு அனுப்ப முடியாது என்று மட்டும் சொன்னார்கள். தைத்து வைத்திருந்த அவர் சட்டையை எடுத்துக்கொண்டு ஒரு நாள் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி கேட்டைப் பாதி திறந்து வாங்கிக்கொண்டார். கூலியை எண்ணி என் கையில் வைத்தார். வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

இப்போது எங்கள் தெரு நான்கு வழிச் சாலை. என் கடை உள்ளே தள்ளிப் போயிருக்கிறது. டேப்பு சார் இரண்டு பஸ் மாறி ஊருக்கு வெளியே இருக்கும் ரெக்கார்டு அறைக்குப் போய் வருகிறார். ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கிறது. விசாரணை முடியாததால் அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு நின்றுபோயிருக்கிறது. அந்த மனுவில் நாற்பத்தொரு கையெழுத்துகள். பதினேழாவது என்னுடையது. அதை நான் இன்னும் திரும்பப் பெறவில்லை.