பதினெட்டு வளைவில் கிடைத்த மூச்சு

எனக்குத் தொய்வு வருத்தம் இருக்கிறது, பிள்ளைகளே. நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவது போல் சத்தம் வரும். மூச்சு உள்ளே போகும், வெளியே வராது. போன வருடம் அது மிகவும் கூடிவிட்டது.

வான் ஓட்டுவது என் தொழில். ஒரு நாள் விமான நிலையம், மறுநாள் கல்யாண வீடு, அடுத்த நாள் கல்குடாவுக்குச் சுற்றுலா. கிளினிக் நாள் வரும்போதெல்லாம் எங்காவது ஓட்டம் இருக்கும். செங்கலடிப் பக்கம் வேளாண்மை வெட்டும் காலத்தில் மெஷின் கிளப்பும் தூசி றோட்டுக்கே வரும். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓடுவேன்.

ஜெபம் பண்ணினேன். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், மனதில் ஒன்றும் தோன்றவில்லை. அழுகை வரவில்லை. பயமும் வரவில்லை. மரக்கட்டை போல் முழங்காலில் இருந்துவிட்டு எழும்பிப் போவேன்.

"இண்டைக்கு என்ன கேட்டீங்க?" என்பாள் என் மனைவி ஜெயா.

"வழமையாக் கேக்கிறதுதான்."

ஆகஸ்ட் விடுமுறையில், ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளான உங்களைக் கண்டிக்குக் கூட்டிப் போக ரூபி டீச்சர் என்னைக் கேட்டார். மகியங்கனை தாண்டிப் பதினெட்டு வளைவு மலை றோட்டில் ஏறும்போது குளிரும் பனிப்புகாரும் இறங்கின. நீங்கள் பின்னால் பாடிக்கொண்டிருந்தீர்கள். முன்னால் என் நெஞ்சு இறுகியது.

சட்டைப் பையில் இருந்த, தொய்வு மருந்து இழுக்கும் நீலப் பம்பை எடுத்து வாய்க்குள் அடித்தேன். புஸ் என்று வந்தது. திரும்பவும் அடித்தேன். புஸ். ஒன்றும் இளகவில்லை. மேலே போய்விட்டால் தேநீர்க் கடை வரும், அங்கே நிறுத்துவோம் என்று ஓட்டினேன். விரல் நுனி விறைத்தது. கண் ஓரம் கறுத்தது. அப்போதும் மனம் மரத்துத்தான் கிடந்தது. "ஆண்டவரே, பிள்ளைகள்" என்று மட்டும் சொன்னேன். சத்தமாகச் சொல்ல மூச்சில்லை.

அப்போதுதான் பின்னால் கூச்சல் எழுந்தது.

"அங்கிள், நிப்பாட்டுங்க! செரோனிக்குச் சத்தி வருகுது!"

"ஐயோ, என்ட சப்பாத்து!"

அது யாருடைய சப்பாத்து என்று நான் இங்கே எழுதவில்லை. அவருக்கே தெரியும்.

மலைப் பக்கமாக ஒதுக்கி நிறுத்தினேன். பிறேக்கை இழுத்ததோடு என் பலம் முடிந்தது. ஸ்டியரிங்கில் சாய்ந்துவிட்டேன். செரோனி இறங்கி வாந்தி எடுத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்து என்னைப் பார்த்தாள்.

"டீச்சர், எனக்கு வாறது அங்கிளுக்கும் வந்திட்டு!"

அவளும் தொய்வுக்காரி. தன் பையைக் கவிழ்த்தாள். பிஸ்கட், சொக்ஸ், எல்லாவற்றுக்கும் அடியில் அவளுடைய பம்பும், அதை மாட்டும் பிளாஸ்டிக் குடுவையும் இருந்தன. குடுவையில் வாத்துப் படம் ஒட்டியிருந்தது.

"வாயோட வச்சு இறுக்கிப் பிடிங்க அங்கிள். மெல்ல இழுங்க. வாத்தைப் பாத்துச் சிரிக்கப்படாது."

"ஆர் புள்ள இப்ப சிரிக்கப் போறாங்க?" என்றார் ரூபி டீச்சர், அழுதுகொண்டே.

கொஞ்சம் கொஞ்சமாக நெஞ்சு திறந்தது. நீங்கள் எல்லோரும் றோட்டோரம் நின்று ஸ்தோத்திரம் சொன்னீர்கள். நான் கட்டை போல் இருந்தேன். அதன்பின் நான் வானை ஓட்டவில்லை. மேலே இருந்த தேநீர்க் கடைக்காரரின் தம்பி வந்து, ஓட்டிக்கொண்டு போய் என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அங்கே நேர்ஸ் என் பம்பைப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள மருந்து முடிஞ்சு. வெறும் காத்துத்தான் வருது" என்றார். மருந்து முடிந்த பிறகும் புஸ் என்று வரும் என்பது எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள் அந்தப் பம்பை மேசையில் வைத்து அமத்திப் பார்த்தேன். புஸ். என் ஜெபமும் இப்படித்தான், சத்தம் மட்டும், உள்ளே ஒன்றுமில்லை என்று எத்தனை நாள் நினைத்திருந்தேன்! அந்த ஜெபத்தைத்தான் கர்த்தர் கேட்டார். ஒரு பிள்ளையின் சத்தியால் வானை நிறுத்தினார். மருந்தை முன்னமே வானுக்குள் ஏற்றி வைத்திருந்தார்.

"என்ன, திரும்பவும் தொய்வா?" என்று ஜெயா ஓடி வந்தாள்.

"இல்ல. இது கண்ணில தண்ணி."

தொய்வு போகவில்லை, பிள்ளைகளே. கிளினிக் நாளில் இப்போது நான் ஓட்டம் எடுப்பதில்லை. காலையும் மாலையும் தடுப்புப் பம்பை அடித்து, வாயைக் கொப்பளித்துவிட்டு முழங்காலில் இருக்கிறேன். சில நாள் இன்னும் ஒன்றும் தோன்றாது. இருந்தாலும் கேட்கிறேன். நீங்களும் மனம் மரத்த நாளில் கேட்காமல் விடாதீர்கள். தொய்வு உள்ளவர்கள் பம்பைப் பையின் அடியில் ஒளிக்காமல் மேலே வையுங்கள்.

போன மாதம் கல்குடாவுக்குப் புறப்படும்போது செரோனி என் கண்ணாடியைத் தட்டினாள்.

"அங்கிள், பம்ப்?"

எடுத்துக் காட்டினேன்.

"புதுசா?"

"புதுசுதான் புள்ள."

"அப்ப சரி. ஜெபம் பண்ணிட்டுப் போவம்."