நடக்கச் சொன்னார், நடச் சொல்லவில்லை

நம்ம சபையில் எழுந்து நின்று இதைச் சொல்ல எனக்குத் தைரியம் போதவில்லை. மறைக்கவும் மனசு வரவில்லை. அதனால் எழுதித் தருகிறேன்.

போன வருஷம் ஜூன் மாதம் வேலை கிடைத்து தஞ்சாவூர் வந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் மன்னார்குடி பக்கம் வயல் வேலைக்குப் போகிறவர்கள். "சேத்துல காலை வைக்காத, நீ படி" என்று சொல்லியே வளர்த்தார்கள். ஒரு நாள்கூட நான் நாற்றைக் கையில் பிடித்ததில்லை.

ஆபீசில் நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பேன். தப்பு வந்தால் மேலதிகாரி எல்லார் முன்னாலும் கத்துவார். அறைக்கு வந்தால் பேச ஆள் கிடையாது. ஆகஸ்டில் நெஞ்சு இறுக ஆரம்பித்தது. சோறு இறங்காது. விடியாமலே போனால் நல்லது என்று நினைத்த நாட்களும் உண்டு.

ஞாயிறு ஆராதனை முடிந்து கை கொடுக்கிறவர்கள், "நல்லா இருக்கீங்களா தம்பி?" என்பார்கள். "கர்த்தர் கிருபையில நல்லா இருக்கேங்க" என்பேன். அவருடைய கிருபையைச் சொல்லியே வாராவாரம் பொய் சொன்னேன்.

"ஆண்டவரே, கூட ஒரு ஆளைக் கொடும்." என் ஜெபம் அவ்வளவுதான். அதற்கு மேல் மூச்சு இல்லை.

செப்டம்பரில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் பொறுமையாகக் கேட்டார். மனசுக்கும் நோய் வரும், வெட்கப்பட ஒன்றுமில்லை என்றார். மாத்திரை எழுதினார். "தினமும் காலையில அரை மணி நேரம் வேகமா நடங்க. மாத்திரையையும் விடாதீங்க, நடையையும் விடாதீங்க." எனக்கு ஏமாற்றம். நான் ஆள் கேட்டேன், ஆண்டவர் நடையைக் கொடுக்கிறாரே என்று.

வெளியே வந்ததும் அம்மாவிடமிருந்து போன். ஊரில் சம்பா நடவு நேரம். வரப்பில் நின்று பேசினாள். லைன் விட்டு விட்டுக் கேட்டது. எங்கே இருக்கிறாய் என்றதும் வாய் தவறிவிட்டது. "டாக்டர்ட்ட வந்தேம்மா. தெனம் நடக்கச் சொல்றாரு."

"நடச் சொல்றாரா? உன்னையா? நாங்க இடுப்பொடிய நட்டது பத்தாதா? எந்த ஊரு டாக்டர்டா அவன்!"

பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் குரல் கொடுத்தாள். "அனுப்பி வைக்கச் சொல்லுக்கா, இங்க ரெண்டு ஆள் கொறையுது!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை மாதம் கழித்து! அந்தச் சிரிப்பு அப்படியே அழுகையாகிவிட்டது. "நடவு இல்லம்மா, நடை" என்று சொல்லக்கூட முடியவில்லை.

"தம்பி, எதுக்கு டாக்டர்ட்ட போன?" குரல் மாறியிருந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா முழுக்கக் கேட்டாள். பிறகு சொன்னாள்: "காலையில அஞ்சரைக்கு நான் வயலுக்கு நடந்துதான் போறேன். நீ அங்க நட. நான் இங்க நடக்குறேன். போனைப் போட்டுக்குவோம்."

மறுநாள் ஊருக்குள் ஓடும் புது ஆற்றுக் கரையில் நடந்தேன். நாய் குரைத்தது. வேலையற்றவன் என்று எல்லாரும் பார்ப்பது போலக் கூச்சம். காதில் அம்மாவின் மூச்சு மட்டும் வாங்கி வாங்கிக் கேட்டது. பெரிதாக எதுவும் பேசவில்லை. வயல் வந்ததும், "ஆண்டவரே, ரெண்டு பேரு காலையும் நீரே நடத்தும்" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

மூன்றாவது வாரம் பசி எடுத்தது. தூக்கம் வந்தது. நெஞ்சு இறுகினாலும் வேர்க்க நடந்தால் கொஞ்சம் இளகியது. ஆனால் நடவு முடியப்போகிறதே என்று பயம். முடிந்த மறுநாள் போன் வராது என்றே நினைத்தேன். அஞ்சரைக்கு அடித்தது.

"இனிமே எங்கம்மா போற?"

"மடை வரைக்கும் சும்மாதான். எதிர்ல வர்றவங்க எங்க வேலைன்னு கேக்குறாங்க. எம்புள்ளைகூட வாக்கிங்னு சொல்லிட்டேன்."

ஆயுசு முழுக்க நடந்து தேய்ந்த கால். எனக்காகச் சும்மா நடந்தது. நான் கேட்ட ஆள் யார் என்று அப்போதுதான் புரிந்தது. கரையிலேயே நின்று ஆண்டவரைத் துதித்தேன்.

இன்றைக்கும் அறையில் நான் ஒற்றை ஆள்தான். தனியாகத்தான் சாப்பிடுகிறேன். மாத்திரையை டாக்டர் குறைத்திருக்கிறார், நிறுத்தவில்லை. நடையையும் நான் நிறுத்தவில்லை.

என்னைப் போல நெஞ்சு இறுகி இந்தப் பெஞ்சுகளில் யாராவது உட்கார்ந்திருந்தால், வருகிற ஞாயிறு என்னிடம் கை கொடுங்கள். "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்பேன். இல்லை என்று சொல்லுங்கள். ஆண்டவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். மறுநாள் அஞ்சரைக்குச் சேர்ந்து நடப்போம்.