தம்பியிடம் சொல்லாமல் விட்டது

என் தம்பிக்கு ஒன்பது வயதில் சர்க்கரை நோய் வந்தது. இன்சுலின் சுரக்கும் செல்கள் செத்துவிட்டன என்றார் டாக்டர். நான் உயிரியல் படித்ததே அதனால்தான். பிறகு பெங்களூரில், மின்சாரத்தால் செல்களைப் பிரிக்கும் ஓர் ஆய்வுக் குழுவில் சேர்ந்தேன்.

தம்பி துறைமுகத்தில் கன்டெய்னர்களைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தான். முப்பத்தொரு வயதில் சிறுநீரகம் பழுதாகி வீட்டோடு ஆனான். லீவில் எங்கள் ஊரான முத்தையாபுரம் போயிருந்தபோது, டயாலிசிஸ் முடிந்து படுத்திருந்தவன் என் வேலையைப் பற்றிக் கேட்டான். ஒவ்வொரு வகைச் செல்லும் மின்புலத்தில் ஒவ்வொரு வேகத்தில் நகரும். அப்படிப் பிரிக்கலாம் என்றேன். ஆனால் மின்சாரம் பாய்ந்தால் திரவம் சூடாகிச் சுழலும், கனமான செல்கள் அடியில் படியும், பிரிந்தவை மறுபடி கலந்துபோகும். எடையற்ற நிலையில் இந்தத் தொல்லை இல்லை. எலியின் கணையச் செல்களை ராக்கெட்டில் அனுப்பி, அது மேலே போய் விழும் அந்தச் சில நிமிடங்களில் இன்சுலின் சுரப்பவற்றைத் தனியே பிரித்துப் பார்க்கப்போகிறோம் என்றேன்.

"அப்படிப் பிரிச்சு எடுத்தா எனக்கு வைப்பாவளாக்கா?"

மனிதருக்கு வர எத்தனையோ வருடம் ஆகும், வராமலே போகலாம் என்று சொல்லியிருக்க வேண்டும். அவன் முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. "பாப்போம்ல" என்றேன். பக்கத்தில் அம்மா அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

நாலு மாதம் கழித்து அம்மா போன் செய்தாள். "ஏளா, மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பேரு குடுன்னு டாக்டர் சொல்லுதாரு. இவன் அக்கா செல்லு வரட்டும்ங்கான்."

அன்றே அவனிடம் உண்மையைச் சொன்னேன்; அந்தச் செல் வந்தாலும் பழுதான சிறுநீரகத்தைச் சரிசெய்யாது என்றும் சொன்னேன். "செரிக்கா" என்றான். மறுவாரம் பெயர் கொடுத்தான். முறை வருவதற்குள் கிருமித்தொற்று வந்து இறந்துபோனான்.

ஒன்றரை மாதத்தில் ராக்கெட் பறந்தது. பதிவான படத்தில் செல்கள் இரண்டு பட்டைகளாக, கலங்காமல் தெளிவாகப் பிரிந்திருந்தன. எல்லோரும் கைதட்டினார்கள். நான் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். அன்றைக்கே அவனிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் நாலு மாதம் முன்னதாகப் பெயர் கொடுத்திருப்பான் என்றேன்.

அம்மா காய வைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். "நடக்காதுன்னு உன் குரல்லயே எனக்குத் தெரிஞ்சுது. அவன் அன்னைக்கு நல்லாச் சாப்பிட்டான். நானும் சொல்லல" என்றாள்.