திறந்து கிடக்கும் குளம்

முகம் கழுவுவதற்கு முன்பே லியாவ் பெய்யூ போனில் ஊரைத் தேட ஆரம்பித்துவிடுகிறாள். ஊர்ச் செய்தியை அல்ல, ஊரில் உள்ள இயந்திரங்களை. இணையத்தில் மாட்டிய கேமரா, மோட்டார், ஐஸ் கிடங்கின் சுவிட்ச் பெட்டி என்று வெளியே தெரிகிற எல்லாவற்றையும் தேடிக் கொடுக்க ஒரு தளம் இருக்கிறது. எவன் வேண்டுமானாலும் பார்க்கலாம். தைவானில், தைனான் கடற்கரையில் மோட்டார் பழுது பார்க்கிறவள் பார்க்கக் கூடாதா?

ஏதாவது பூட்டில்லாமல் அகப்பட்டால், உடையவரிடம் சொல்ல வாயில் பிரஷ்ஷோடு ஸ்கூட்டரைக் கிளப்பிவிடுவாள். "வந்துட்டாடா ஊர்க்காவல்!" என்பார்கள். அவளுக்கு உறைக்காது. திறந்து கிடக்கிறதை இத்தனை பார்த்தும் ஒன்றுக்குள்ளும் அவள் கால் வைத்ததில்லை. அங்கேதான் நிற்கிறாள் மனுஷி.

போன வாரம் கோங் வூஷிங்கின் பால்கெண்டைக் குளம் அகப்பட்டது. அடுத்த மாதம் விற்பனை. தண்ணீரை அடித்துக் காற்றேற்றும் சக்கரங்கள் இந்த வெயிலில் நின்றால் மொத்த மீனும் மூச்சு முட்டி மிதக்கும்.

"அண்ணே, உங்க சக்கரத்து சுவிட்ச் ஊருக்கே தெரியுது."

"தெரிஞ்சா என்ன? நம்பர் போட்டுப் பூட்டியிருக்கேன்."

"உங்க ஸ்கூட்டர்ல, கடைப் பலகையில எல்லாம் இருக்கே, அந்த ராசி நம்பர்தானே? 168888? இந்த ஊரு பூரா அதான் பூட்டு."

கோங்கின் சிரிப்பு கோணியது. "இருந்தா இருக்கட்டும். என் போன்ல மட்டும்தான் அது வேலை செய்யும். எங்க, நிறுத்திக் காட்டு பாப்போம்!"

"மாட்டேன். கதவு திறந்திருக்குன்னு காட்ட அடுத்த வீட்டுச் சோத்தையா திங்க முடியும்? நீங்களே போட்டுப் பாருங்க."

கோங் அவளுடைய போனைப் பிடுங்கி எண்ணைத் தட்டி, சிவப்புப் பொத்தானை அழுத்தினார்.

சடசடவென்று அடித்துக்கொண்டிருந்த சக்கரங்கள் ஒவ்வொன்றாய் ஓய்ந்தன. குளம் கண்ணாடி மாதிரி ஆனது. அந்த அமைதியில் கோங்குக்குக் குப்பென்று வியர்த்தது. பச்சைப் பொத்தானுக்கு விரல் வழுக்கி வழுக்கிப் போனது. ஒருவழியாய் அழுத்தியதும் சக்கரங்கள் திரும்ப இரைந்தன.

"யம்மா, எதையாவது செய்யி."

ரவுட்டரில் வெளி இணையத்திலிருந்து நேரே குளத்து சுவிட்சுக்கு வருகிற வழியை அடைத்தாள். பிறகு புது எண் வைக்கச் சொன்னாள். கோங் நெடுநேரம் யோசித்துத் தட்டினார். முகம் மலர்ந்தது.

"பெய்யூ, எனக்கு மறந்துபோகும். நீயும் மனசுல வச்சுக்க, சொல்றேன் கேளு..."

இரண்டு காதையும் உள்ளங்கையால் இறுக்கப் பொத்திக்கொண்டு, அவள் குளத்தைப் பார்க்கத் திரும்பி நின்றுகொண்டாள்.