பேஸ்பால் ரசிகை என்று எழுதிக் கொடுத்தேன்

பொய் சொன்னால் நம்மால் கட்டிக் காப்பாற்றக்கூடிய பொய்யாகச் சொல்ல வேண்டும். நான் சொன்னது அந்த ரகமில்லை. ஜப்பான் நாட்டு பேஸ்பால் ஆட்டம் பார்ப்பதுதான் என் பொழுதுபோக்கு என்று கம்பெனி விண்ணப்பத்தில் என் கையாலேயே எழுதி, கீழே கையெழுத்தும் போட்டேன். அதுவரை பேஸ்பால் என்ற ஒன்றை நான் கண்ணால் கண்டதில்லை.

ஓசூரில் வண்டிகளுக்கு ரப்பர் வளையம் செய்யும் ஜப்பான் கம்பெனி ஒன்றில் ஆறு வருடமாகச் சோதனைப் பிரிவில் இருந்தேன். கான்ட்ராக்ட் வேலை. விளக்குக்குக் கீழே வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஓரத்தில் பிசிறோ வெட்டோ இருந்தால் சிவப்புப் பெட்டியில் போட வேண்டும். அந்த வருடம் எங்கள் பிரிவில் ஒரே ஒரு ஆளை பர்மனென்ட் செய்வார்கள், மீதிப் பேரை மாதக் கடைசியோடு நிறுத்திவிடுவார்கள் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு முப்பத்தாறு வயது. இந்த ஊரில் எந்தக் கம்பெனிக்குப் போனாலும் சின்னப் பெண்களைத்தான் எடுக்கிறார்கள்; என்னைப் பார்த்தால் கேட்டில் இருக்கும் செக்யூரிட்டியே திருப்பி அனுப்பிவிடுவான். இந்த வேலையும் போனால் மத்தூர்ப் பக்கம் மாமியார் ஊருக்குத் திரும்பிப் போய் நாத்தனார் வாயில் விழுந்து எழ வேண்டும். அதற்கு ரப்பர் வளையத்தை வாழ்நாள் முழுக்கத் திருப்பிக்கொண்டிருக்கலாம்.

விண்ணப்பத்தில் பொழுதுபோக்கு என்று ஒரு கட்டம் இருந்தது. சோறு பொங்கி, ஷிப்டுக்கு ஓடி, துணி துவைத்து விழுகிறவளுக்கு என்ன பொழுது, என்ன போக்கு? பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பக்கத்து மேசையில் வேலை பார்த்தவள் ராயக்கோட்டைக்காரி. வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். என்னைவிட எட்டு வயது சின்னவள். அண்ணன் வீட்டில் இருந்தாள். சம்பளம் வருகிற வரைக்கும்தான் அண்ணி கையால் என் தட்டில் சோறு விழும் என்று சிரித்துக்கொண்டே சொல்லுவாள். அவள்தான் என் ஃபார்மை எட்டிப் பார்த்தாள்.

"என்னாக்கா, காலியா வுட்டுட்ட? ஜப்பான்காரங்களுக்கு பேஸ்பால்னா உசுராம். அத எழுது. பாத்ததும் புடிச்சிப் போயிரும்."

"நீ எழுதிக்கயேன்."

"எனக்குக் கோலம் போடத் தெரியும், நான் அத எழுதிக்கறன். உனக்குத்தான் ஒண்ணுமே தெரியாதே!"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கோபத்திலேயே எழுதினேன்.

அடுத்த திங்கட்கிழமை ஹெச்.ஆர். மேனேஜர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். கடைசிச் சுற்றுக்கு இரண்டே பேர். நானும் அவளும். எனக்கு அதுவே திக்கென்றது. அவர் அதோடு விடாமல், "ஜப்பான் சார் உங்க ஃபார்ம ரொம்ப நேரம் கையில வெச்சிட்டு இருந்தாரும்மா. சனிக்கிழமை இன்டர்வியூல, நீங்க எந்த டீமுன்னு கேக்கப் போறாராம். ரெடியா வாங்க" என்றார். நல்ல செய்தி சொன்ன முகத்தோடு சொன்னார்.

பொய் எழுதியவள் என்று தெரிந்தால் பர்மனென்ட் போகட்டும், சோதனைப் பிரிவில் ஒருத்தி பொய்க்காரி என்றால் ஆறு வருடமாக நான் சரி என்று அனுப்பிய வளையங்களை எவன் நம்புவான்? வளையத்தின் வெட்டைப் பார்த்தும் பார்க்காத மாதிரி விட்டவள் என்றுதானே பேசுவார்கள்? அந்த எண்ணம் வந்ததும் பஸ்ஸிலேயே குப்பென்று வியர்த்துவிட்டது. எதிர் சீட்டுக்காரி ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

என் வீட்டுக்காரர் ராயக்கோட்டை மண்டியிலிருந்து தக்காளி ஏற்றும் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். விடியற்காலை போனால் மத்தியானம் வந்துவிடுவார். விஷயத்தைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். நான் அழ ஆரம்பித்த பிறகுதான் நிறுத்தினார்.

"இதுக்குப் போயி அழுவறியா? சாரு எந்த ஊருன்னு கேளு. அந்த ஊரு டீம சொல்லிடு. வேல முடிஞ்சிது."

நம் ஊரில் எல்லாக் காரியமும் அப்படித்தானே நடக்கிறது. அதிகாரி எந்தக் கட்சியோ நாமும் அந்தக் கட்சி, அவருக்கு எந்த நடிகரோ நமக்கும் அந்த நடிகர். மறுநாள் சாரின் கார் டிரைவரிடம் கேட்டேன். கடலோரத்து ஊர் என்று மட்டும் தெரியும் என்றார். அடப்பாவி, அந்த நாடே கடலுக்குள்தான் இருக்கிறது.

வீட்டுக்காரர் போனில் தேடினால் மொத்தம் பன்னிரண்டு அணிகள். ஆறு ஒரு பக்கம், ஆறு ஒரு பக்கம். ஏனென்று கடைசி வரைக்கும் எனக்குப் புரியவில்லை. செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு பெயர்களையும் சீட்டில் எழுதிச் சுருட்டி, சாமி படத்துக்கு முன்னால் குலுக்கி ஒன்றை எடுத்தேன். வாயில் நுழையாத பெயராக வந்தது. சாமிக்குத் தெரியாமல் திரும்பப் போட்டு இன்னொன்று எடுத்தேன். அது போன வருடம் கோப்பை வாங்கிய அணி. ராயக்கோட்டைக்காரியிடம் சொன்னதற்கு, "அம்மோ, அதயே சொல்லுக்கா. செயிக்கிற பக்கம் நிக்கறதுல என்னா தப்பு?" என்றாள். எனக்கோ, நேற்று முளைத்தவள்தான் செயிக்கிற அணியைச் சொல்லுவாள், சார் கண்டுபிடித்துவிடுவார் என்று பயம். தோற்கிற அணியைச் சொன்னால் ராசியில்லாதவள் என்று நினைப்பார் என்று அதற்கும் பயம். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

வேறு வழியில்லாமல் ஆட்டத்தையே பார்க்கத் தொடங்கினேன். அங்கே மாலை ஆறு மணி என்றால் இங்கே மத்தியானம் இரண்டரை. இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து நான் வீட்டுக்கு வந்து முகம் கழுவினால், அங்கே ஆட்டம் தொடங்கியிருக்கும். வீட்டுக்காரரின் போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்து, ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டே பார்த்தேன். ஒருத்தன் எறிகிறான். ஒருத்தன் அடிக்கப் பார்க்கிறான், பெரும்பாலும் பந்து மட்டையில் படுவதில்லை. பட்டாலும் பிடித்துவிடுகிறார்கள். ஊரே கூடிப் பாடுகிறது. அடிக்க வருகிற ஒவ்வொருத்தனுக்கும் தனிப் பாட்டாம். மூன்று நாளில் பாதிதான் புரிந்தது. பயம் மட்டும் முழுசாக இருந்தது. சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டேன். தூக்கத்தில் எதையோ எண்ணிக்கொண்டே இருந்ததாக வீட்டுக்காரர் சொன்னார்.

வியாழக்கிழமை ஒரு பையனைப் பார்த்தேன். கடைசி இடத்தில் கிடந்த அணிக்குப் பந்து எறிய வந்தவன். முதல் ஆட்டமோ என்னமோ, அவன் பயந்திருந்தான். எனக்கு அந்த மொழி தெரியாது, ஆட்டமும் சரியாகத் தெரியாது. ஆனால் பயம் தெரியும். எறிகிற கையைத் திரும்பத் திரும்பக் கால்சட்டையில் துடைத்தான். நாலு பந்து கண்டபடி போனது. ஐயோ, போச்சு, இவனை நிறுத்திவிடுவார்கள் என்று கரண்டியும் கையுமாக நின்றுவிட்டேன். ஐந்தாவது பந்து நேராகப் போனது. "அப்படித்தான்டா!" என்று நான் கத்தியதில் பக்கத்து வீட்டுக் கன்னடக்காரம்மா என்ன ஆச்சோ என்று ஓடி வந்து, "ஏனாயித்து?" என்று கேட்டார். அந்த அணி அன்றைக்கும் தோற்றது. என் அணி அதுதான் என்று முடிவு செய்தேன். பயந்தவன் ஒருத்தன் அங்கே இருக்கிறான், எனக்கு அது போதும்.

சனிக்கிழமை அவள்தான் முதலில் உள்ளே போனாள். பத்து நிமிடத்தில் மலர்ந்த முகத்தோடு வந்தாள். "கோலத்தப் பத்திக் கேட்டாருக்கா. பேப்பர்ல புள்ளி வெச்சிக் காட்டச் சொன்னாரு, காட்டனன். நல்ல மனுஷன். பயப்படாத, போ" என்று என் முதுகில் தட்டினாள்.

உள்ளே ஜப்பான் சார், ஹெச்.ஆர். மேனேஜர், மொழிபெயர்க்கிற பெங்களூர்ப் பெண். சார் விண்ணப்பத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஏதோ கேட்டார். எந்த டீம் என்றுதான் கேட்பார் என்று பதிலைப் பல்லுக்குள் வைத்திருந்தேன். அந்தப் பெண், "எத்தன வருஷமா பேஸ்பால் பாக்கறீங்கன்னு கேக்கறாரு" என்றாள்.

இதற்கு நான் தயாராக இல்லை. "நாலு நாளா" என்று வாய் சொல்லிவிட்டது.

மேனேஜர் தலையில் கை வைத்தார். அந்தப் பெண் குனிந்து, "மேடம், நாலு வருஷம்னு சொல்லிடட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டாள். நல்ல பெண். தலையை ஆட்டியிருந்தால் போதும். ஆனால் நாலு வருஷம் என்றால் அடுத்து நாலு வருஷத்துக் கேள்வி வரும். ஐந்து நாளாகப் பட்ட பயமே எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. "நாலு நாளுன்னே சொல்லும்மா. பயத்துல பொய் எழுதிட்டன்னும் சொல்லு" என்றேன்.

அவள் சொன்னாள். சார் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து மேசையில் விரித்தார். பன்னிரண்டு வரிகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பொடி எழுத்தில் குறிப்பு. அவர் பேசப் பேச அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சாருக்கு பேஸ்பாலே தெரியாதாம். மீன் புடிக்கறதுதான் இஷ்டமாம். உங்க ஃபார்ம் பாத்ததுல இருந்து, இந்தம்மா ஏதாச்சும் கேட்டா என்ன சொல்றதுன்னு பயந்துட்டு இவரும் ஒரு வாரமா படிச்சாராம்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சார் மட்டும் சிரித்துக்கொண்டே, அந்த நாலு நாளில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டார். நான் அந்தப் பையனைச் சொல்லவில்லை, வெட்கமாக இருந்தது. பந்தைப் பற்றிச் சொன்னேன். பந்து மண்ணில் பட்டால் நடுவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார், சின்னக் கீறல் இருந்தாலும் தள்ளிவிட்டு வேறு பந்து கொடுக்கிறார், நான் வளையத்துக்குச் செய்கிறதைத்தான் அவரும் செய்கிறார் என்றேன். எப்படிப் பார்க்கிறார் என்று கையால் செய்தும் காட்டினேன். சார் சிரிப்பை நிறுத்திவிட்டு என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த புதன்கிழமை நோட்டீஸ் போர்டில் என் பெயர் இருந்தது. பொய் சொல்வானேன், முதலில் அப்பாடா என்றுதான் இருந்தது. ஓடிப் போய் வீட்டுக்காரருக்கு போன் செய்தேன், உளறினேன், அழுதேன். போனை வைத்த பிறகுதான் இன்னொரு பயம் வந்தது. அது முதல் பயத்தைவிட மோசம். அந்தக் கட்டத்தில் நான் எழுதியது அவள் கொடுத்தது. அவளுடைய யோசனையை வாங்கி அவளுடைய இடத்தில் நான் உட்கார்ந்துவிட்டேன். இனி அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது?

மாதக் கடைசி வரை பார்க்காமலேயே சமாளித்தேன். சாப்பாட்டுக்கு முந்தி ஓடினேன், விளக்குக்கு அடியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவளுடைய கடைசி நாளன்று இரண்டு மணிக்குச் சங்கு ஊதியதும் கழிப்பறைக்குள் போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொண்டேன். கம்பெனி பஸ் இரண்டு பத்துக்குக் கிளம்பிவிடும். அது போகட்டும், அப்புறம் ஷேர் ஆட்டோவில் போய்க்கொள்ளலாம் என்று நின்றேன். இரண்டு இருபத்தைந்துக்கு வெளியே வந்தேன்.

பஸ் நின்றுகொண்டிருந்தது. டிரைவர் ஹாரனை அமுக்கி என்னைத் திட்டினார். "இந்தப் பொண்ணு வண்டிய எடுக்கவே வுடல. அக்கா வரணும், அக்கா வரணும்னு படிமேலயே நிக்குது. சீக்கிரம் ஏறும்மா!"

அவள் ஜன்னலோரச் சீட்டை எனக்கு விட்டுவிட்டு உள்பக்கம் உட்கார்ந்தாள். மடியில் டிபன் டப்பாவும் செருப்புப் பையும். ராயக்கோட்டை ரோடு திரும்புகிற வரை நான் ஜன்னலுக்கு வெளியே கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டு வந்தேன். நான் இறங்கும் இடம் வரப்போகிற நேரத்தில் அவள்தான் வாயைத் திறந்தாள்.

"உன் டீமு நேத்து செயிச்சாங்களாக்கா?"

முந்தின நாள் ஆட்டம் இருந்ததா இல்லையா என்றே எனக்குத் தெரியாது.

"தோத்துட்டாங்கடி" என்றேன்.