கட்டு இடது காலில்

என் பெரியப்பா மகன் கனடாவுக்குப் போன பிறகு ஐஸ் ஹாக்கிப் பைத்தியமாகிவிட்டான். செஞ்சியில் ஐஸ் என்றால் ஜூஸ் கடையில் உடைத்துப் போடுவது, இல்லையென்றால் மீன் பெட்டியில் பரப்புவது. அதன் மேல் காலில் கத்தி கட்டிக்கொண்டு ஓடி, கட்டையால் ஒரு ரப்பர் வில்லையை அடித்து, நடுநடுவே ஒருவனை ஒருவன் சுவரில் வைத்து நசுக்கி, அதற்குச் சம்பளமும் வாங்குகிறார்கள் என்பது அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். காலையில் நான் ஜெராக்ஸ் கடையின் ஷட்டரைத் தூக்கும்போது அங்கே அவனுக்கு ராச்சாப்பாட்டு நேரம். மேட்ச் முடிந்த சூட்டோடு வீடியோ காலில் வந்துவிடுவான்.

"இன்னாடா அநியாயம் இது! எங்க டீம் ரெண்டாவது எடம். மூணாவது வந்தவன் கூட மொத ரவுண்டுலயே மோத வுட்றானுங்க. அந்தாண்ட பக்கம் பாத்தா எல்லாம் சோப்ளாங்கி டீமு. ஜாலியா செமிக்கு வந்துடுதுங்க" என்று ஆரம்பிப்பான். அது முடிந்தால் அடுத்தது அடிபட்டவர்கள் கதை. ஆட்டக்காரனுக்கு எங்கே அடி என்று டீம்காரர்கள் வெளியில் மூச்சு விட மாட்டார்களாம். மேல் உடம்பு, கீழ் உடம்பு என்று மட்டும் சொல்வார்களாம். விவரமாகச் சொன்னால் எதிராளி அந்த இடத்தையே குறி வைத்து அடிப்பானாம்.

அவன் இதை ஏதோ புதுக் கண்டுபிடிப்பு போலச் சொல்லும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இந்த வித்தையைச் செஞ்சிக் கோட்டை அடிவாரத்தில் ஏற்கெனவே செய்து பார்த்தவன் இவன்தான். செய்து பார்த்தது என் காலில்.

அப்போது எங்கள் ஊர்க் கபடி டீமுக்கு அண்ணன் கேப்டன். நான் ரெய்டர், அதாவது எதிர்க்கட்டத்துக்குள் கபடி கபடி என்று பாடிக்கொண்டு போய்த் தொட்டுவிட்டு வருகிறவன். அதைவிட முக்கியம், நான் போலீஸ் எழுத்துத் தேர்வில் தேறியிருந்தேன். ஓட்டம், கயிறு ஏறுவது, நீளம் தாண்டுவது என்று உடற்தேர்வு மட்டும்தான் பாக்கி. பொங்கல் கழிந்து அடுத்த மாதம். எங்கள் வீட்டில் அரசாங்கச் சம்பளம் வாங்கியவர் ஒருவரும் கிடையாது. நைனா கழனியிலேயே குனிந்து நிமிர்ந்தவர். தெருவில் நாலு பேர் இப்போதே என்னை "ஏட்டய்யா" என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். நானும் கூச்சமே இல்லாமல் திரும்பிப் பார்க்க ஆரம்பித்திருந்தேன்.

அந்த நேரம் பார்த்து, அறுப்பு முடிந்த கழனியில் பிராக்டீஸ் செய்யும்போது வலது முழங்கால் திரும்பிக்கொண்டது. திண்டிவனத்தில் ஒரு டாக்டர் ஸ்கேனைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, ஜவ்வு லேசாகக் கிழிந்திருக்கிறது, வம்பு பண்ணாமல் இருந்தால் உடற்தேர்வுக்குள் ஆறிவிடும் என்றார். வம்பு பண்ணாமல் இருப்பதுதான் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் வராத ஒன்று. காணும் பொங்கலுக்குச் செஞ்சியில் பெரிய கபடிப் போட்டி. அண்ணன் ஒரு திட்டம் போட்டான். முதல் மேட்ச்சில் நான் உட்கார்ந்திருப்பேன். யாராவது சுமாரான டீம்தான் வரும், நான் இல்லாமலே ஜெயித்துவிடுவார்கள். செமி ஃபைனலுக்கு வந்தால் கடைசியில் ரெண்டு ரெய்டு மட்டும் போனால் போதும். ஆடாமலே இருந்திருக்கலாமே என்று கேட்பவர்கள் கபடி ஆடியிருக்க மாட்டார்கள். அவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க எனக்குத் தெம்பில்லை.

சுமாரான டீம் வரும் என்று நாங்கள் நம்பியதற்குக் காரணம் இருந்தது. போன வருஷம் கப் அடித்தவர்களுக்கும் ரன்னருக்கும் முதல் சுற்று கிடையாது, நேராக இரண்டாவது சுற்று. உலகம் பூராவும் இதுதான் வழக்கம் என்று நினைத்திருந்தோம். காலையில் மைதானத்துக்குப் போனால், மேடையில் வெள்ளைச் சட்டை போட்ட அமைப்பாளர் மைக்கைப் பிடித்து, முதல் சுற்று இல்லாத டீம்களை வாசித்தார். கப் அடித்த டீம், சரி. அமைப்பாளர்களின் சொந்த டீம், அதையும் பொறுத்துக்கொள்ளலாம். அடுத்தது கோப்பை வாங்கிக் கொடுத்தவருடைய ஊர் டீம். கடைசியாக, பந்தலும் ஸ்பீக்கரும் போட்டவருடைய மைத்துனன் டீம்.

போன வருஷ ரன்னரான அவலூர்பேட்டைக்காரர்களைத் தூக்கிக் குடத்தில் போட்டார்கள். சீட்டுக் குலுக்கும் எவர்சில்வர் குடம். குலுக்கி எடுத்ததில் அவர்களுக்கு ஜோடி யார் என்று சொல்லவும் வேண்டுமா? நாங்கள்தான். போன வருஷம் செமி வரை போன டீமும் ஃபைனல் வரை போன டீமும் காலை வெயில் ஏறுவதற்கு முன்பே மோதி, ஒன்று வீட்டுக்குப் போக வேண்டும். பந்தல் டீம் நிழலில் உட்கார்ந்து கரும்பு கடித்துக்கொண்டிருந்தது.

அண்ணன் மேடைக்கு எகிறிப் போனான். "சார், ரன்னர எப்டி சார் மொத ரவுண்டுல வுடுவீங்க? பந்தல் போட்டா பைனலா?"

"பந்தல் இல்லன்னா நீ வெயில்ல தாண்டா நிப்ப" என்றார் அவர். "சீட்டு எங்க கையில இல்ல. அம்மன் பாத்து வுட்டது."

அங்காளம்மன் மேல்மலையனூரில் லட்சம் பேர் வேண்டுதலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். செஞ்சியில் குடத்துக்குள் கையை விட்டுச் சீட்டுப் பொறுக்கவா அவளுக்கு நேரம் இருக்கிறது? இதை நான் வாய்விட்டே சொன்னேன். பக்கத்தில் இருந்த ஒரு கிழவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஆக, முதல் மேட்ச்சிலேயே நான் இறங்கியாக வேண்டும். அண்ணன் என்னைப் பந்தலுக்குப் பின்னால் தண்ணீர் டேங்க் பக்கம் கூட்டிப்போனான். கையில் கிரேப் பேண்டேஜ்.

"எந்தக் காலுடா?"

"வலது."

"அப்ப இடது கால நீட்டு."

"இன்னாண்ணா, அடி இந்தக் கால்ல."

"எனக்குத் தெரியாதா? அவலூர்பேட்டக்காரனுங்க இன்னா பண்ணுவானுங்க? கட்டு எந்தக் கால்ல இருக்குதோ அத்த தான் குறி வெப்பானுங்க. புடிக்கட்டும். அது நல்ல காலு. நீ ஒதறிட்டு வந்துடு. இந்தக் கால ஒருத்தனும் சீண்ட மாட்டான்."

எனக்குப் புல்லரித்துவிட்டது. இவ்வளவு மூளையை வைத்துக்கொண்டு இவன் ஏன் இரண்டு அரியர் வைத்திருக்கிறான் என்று நினைத்தேன். இடது முழங்காலில் நல்ல தடிமனாகச் சுற்றிக்கொண்டோம். "கொஞ்சம் நொண்டிக் காட்டு" என்றான். இடது காலில் நொண்டினேன். அப்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. இடது காலில் நொண்ட வேண்டுமானால் பாரம் முழுக்க வலது காலில் இறங்க வேண்டும். கிழிந்த காலை ஊன்றிக்கொண்டு நல்ல காலுக்கு நொண்டியவன் இந்தச் செஞ்சி வட்டாரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

விசில் ஊதினார்கள். முதல் ரெய்டிலேயே கட்டுப் போட்ட காலை அவர்கள் மூக்குக்கு நேராக நீட்டி ஆட்டினேன். பிடிப்பதற்குப் பதில் பின்னால் நகர்ந்தார்கள். அதே காலால் ஒருவனைத் தொட்டுவிட்டு வந்தேன். அடுத்த ரெய்டிலும் அப்படியே. இன்னொரு பாயின்ட். எங்கள் கட்டத்தில் நின்று அண்ணன் கையைச் சுழற்றினான். அவர்கள் ஏன் பிடிக்கவில்லை என்று நாங்கள் யோசிக்கவே இல்லை. பாயின்ட் வரும்போது எவன் யோசிப்பான்?

இடைவேளை முடிந்து மறுபடி பாடிக்கொண்டு உள்ளே போனேன். அவர்கள் வரிசையின் ஓரத்தில் ஒரு பையன், என்னைவிட ஒன்றிரண்டு வயது சின்னவன், காளை மாதிரி உடம்பு. அவன் தன் ஆட்களிடம் கத்தினான்.

"டேய், கட்டுப் போட்ட கால தொடாதீங்கடா! பாவம், அவருக்கு போலீஸ் செலக்சன் இருக்குது. அந்தாண்ட கால புடிங்க. நல்ல கால புடிங்கடா!"

அது இல்லடா, அந்தக் கால் இல்லடா என்று கத்த வேண்டும். ஆனால் என் வாய் நிறையக் கபடி. பாட்டை நிறுத்தினால் மூச்சு விட்ட கணக்கு, அவுட். உயிர் போகிற அவசரத்திலும் நான் கபடி கபடி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். கையை ஆட்டிக் காட்டினேன். தொட வருகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். அவன் பாய்ந்து வந்து என் வலது கணுக்காலைப் பிடித்தான். நல்ல கால் என்ற நம்பிக்கையில், ஒரு குறையும் வைக்காமல், முழு பலத்தோடு இழுத்தான். முழங்காலுக்குள் கரும்பை முறித்தது போல ஒரு சத்தம் கேட்டது.

மண்ணில் கிடந்தேன். எங்கள் டீம் பையன்கள் ஓடிவந்து வலி ஸ்பிரேயை எடுத்து இடது காலில் கட்டுக்கு மேலேயே அடித்தார்கள். "அது இல்லடா, இது!" என்று அலறினேன். அந்தப் பையன் என் தலைமாட்டில் மண்டியிட்டு அழுதான். "நல்ல காலத் தானேண்ணா புடிச்சேன்! நல்ல காலத் தானே!" அண்ணன் ராஜகிரிக் கோட்டையை அன்றுதான் முதல் தடவை பார்ப்பவன் போலத் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மேட்ச் தோற்றோம். ஜெயித்த அவலூர்பேட்டைக்காரர்கள் களைத்துப்போய் அடுத்த சுற்றில் பந்தல் டீமிடம் தோற்றார்கள். பந்தல் டீமுக்கு மூன்றாம் பரிசு. அம்மன் பார்த்து விட்டது.

ஜவ்வு முழுசாக அறுந்துவிட்டது. ஆபரேஷன் ஆன கால் கயிறு ஏறாது. உடற்தேர்வு நடந்த அன்று நான் வீட்டில் காலைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். அன்று முழுக்க அம்மா அடுப்படியை விட்டு வரவில்லை. நான் அழுதேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அழ வேண்டிய விஷயம்தான். தெருவில் ஏட்டய்யா என்று கூப்பிடுவதை எல்லோரும் ஒரே நாளில் நிறுத்தினார்கள். கிண்டலாகவாவது ஒருவன் கூப்பிட்டிருக்கலாம்.

அந்த அவலூர்பேட்டைப் பையன் ஹார்லிக்ஸும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறி எங்கள் வீட்டுக்கு வந்தான். மறுபடி அழுதான். சீட்டுக் குலுக்கியவர்கள் மேல் எனக்குக் கோபம், அண்ணன் மேல் கோபம். இவன் மேல் மட்டும் கோபப்பட முடியவில்லை, அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய கோபமாக இருந்தது. நைனா மட்டும் என்னைப் பார்த்து, அண்ணனைப் பார்த்து, "கட்டு ஒரு கால்ல, அடி ஒரு கால்ல. இது இன்னாடா கணக்கு?" என்று கேட்டார். "அவசரத்துல மாத்திக் கட்டிட்டோம் சித்தப்பா" என்றான் அண்ணன். அவன் அதைப் பற்றிப் பேசியது அன்றோடு சரி. பிறகு ஒரு ஏஜென்ட்டைப் பிடித்துக் கனடா போய்ச் சேர்ந்தான்.

அவலூர்பேட்டைப் பையன் அதே செலக்சனில் தேறினான். இப்போது செஞ்சியில்தான் கான்ஸ்டபிள். அமாவாசை அன்று மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்கள் கூட்ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கும். நான் கடைக்குப் போக ரோட்டைக் கடக்கும்போது, அத்தனை பஸ்ஸையும் கை காட்டி நிறுத்திவிடுவான். டிரைவர்கள் ஹாரனை அலறவிடுவார்கள். அவன் அசைய மாட்டான். நான் காலை இழுத்து இழுத்து அந்தப் பக்கம் போய்ச் சேரும் வரை சூலம் ஏந்திய கூட்டம் முழுக்க ஜன்னல் வழியாக என்னையே பார்க்கும். நல்லவனாக இருப்பதை ஒருநாளாவது நிறுத்தித் தொலைக்க மாட்டானா என்று இருக்கும். ஒருமுறை பொறுக்க முடியாமல், அன்று கட்டை மாற்றிக் கட்டியிருந்தோம், உன் மேல் தப்பே இல்லை என்று சொல்லியும் பார்த்தேன். தொப்பியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "என் மனசு ஆறட்டும்னு எனக்கோசரம் சொல்றீங்கண்ணா" என்றான். அதற்குப் பிறகு நிறுத்தும் பஸ்கள் கூடிவிட்டன.

போன வாரம் அண்ணன் வீடியோ காலில் வந்தான். முகம் எல்லாம் பூரிப்பு. அவனுடைய டீமின் பெரிய ஆட்டக்காரனுக்கு அடிபட்டிருக்கிறதாம். எங்கே என்று யாருக்கும் தெரியாதாம்.

"கீழ் ஒடம்புன்னு மட்டும் சொல்லிகிறானுங்க. இவன் நாளைக்கு நல்ல காலுக்கு ஒரு கட்ட போட்டுகினு எறங்குனான்னு வெச்சிக்கோ, எதிர் டீமு குழம்பிடும். இன்னாடா சொல்ற, தாக்குப் புடிப்பானா?"

போனை வாசல்படியில் சாய்த்து வைத்துவிட்டு நான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தேன். பாதியில் விட்டுவிட்டுப் போனைக் கையில் எடுத்தேன்.

"எதிர் டீம்ல நல்லவன் ஒருத்தன் இருந்தா போதும்ணா. உங்க ஆளு காலி."

அண்ணன் சிரிக்க வாயெடுத்தான். சிரிப்பு வரவில்லை. பின்னால் டிவியில் கூட்டம் கத்திக்கொண்டிருந்தது. அவன் திரும்பி அந்தச் சத்தத்தைக் குறைத்தான். திரையில் அவன் முகம் கீழே பார்த்தது, என் கால் அங்கே தெரியப்போவது போல.

"இன்னும் வலிக்குதாடா?" என்றான்.

இத்தனை வருஷத்தில் அவன் இதைக் கேட்டது அன்றுதான். கேட்டால் என்னென்ன சொல்லித் திட்டுவது என்று நான் வகைவகையாகச் சேர்த்து வைத்திருந்தேன்.

"எந்தக் கால கேக்கற?" என்றேன்.

"வலது கால்டா" என்றான் அண்ணன். "வலது கால தான்."