அமாவாசையன்று ஆயில் மாற்றியது

ஆடி அமாவாசையன்று எங்கள் பக்கத்தில் டிராக்டர் ஓடாது. ஏர் பூட்டக்கூடாத நாள் என்று மாட்டுக்கு இருந்த விடுப்பு அப்படியே வண்டிக்கும் வந்துவிட்டது. மதுரையில் ஒர்க்‌ஷாப்புகளும் ஸ்பேர் கடைகளும் அன்று பெரும்பாலும் பூட்டியிருக்கும். வண்டி சும்மா நிற்கிற நாள் என்பதால் டிரைவர்கள் ஆயில் மாற்றும் வேலையை அன்றைக்குத்தான் வைத்துக்கொள்வோம். ஏதாவது தப்பாகப் போனால் ஓடிப்போய் நிற்க ஒரு கடைகூடத் திறந்திருக்காது என்பதை யாரும் யோசிப்பதில்லை. நானும் யோசிக்கவில்லை.

சோழவந்தானுக்கு மேற்கே ஓர் அக்காவிடம் அப்போது டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தேன். சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். லாரி கிளீனர், திருப்பூர் பனியன் கம்பெனி, போர்வெல் வண்டி, அறுவடை மிஷின் என்று ஊர் ஊராகப் போய்வந்தவன். எந்த இடத்திலும் நிலைத்ததில்லை. என் கையால் ஏதாவது உடைந்தால் அன்றைக்கே துணிப்பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன். மூன்று வேலைகளை அப்படித்தான் விட்டேன். யாரும் தேடி வந்ததில்லை.

அக்காவின் வீட்டுக்காரர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. டிராக்டர் அவர் வாங்கியது. நிலம் மூன்று ஏக்கர். மறுநாள் விடிகாலையில் வாய்க்காலில் எங்கள் வயலுக்குத் தண்ணீர் முறை. தண்ணீர் நிற்கும்போதே தொளி உழவு, அதாவது சேற்று உழவு, அடித்து முடிக்க வேண்டும். அதற்கு மறுநாள் நடவுக்கு ஆள் வருகிறது. நாற்று ஏற்கெனவே முற்றிப் போய் நின்றது. உழவு தவறினால் நடவு ஆட்கள் அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். திரும்ப ஆள் கிடைப்பதற்குள் நாற்று மாட்டுக்குத்தான் ஆகும்.

"தம்பி, இந்த வண்டிக்கு ஆயில் மாத்தத் தெரியும்ல?" என்று காலையில் அக்கா கேட்டார்.

"அறுவடை மிஷினுக்கே மாத்தியிருக்கேன்க்கா" என்றேன். மாற்றியவர் ஆபரேட்டர். நான் டார்ச் பிடித்தேன்.

அக்கா படையல் வேலைக்கு வீட்டுக்குள் போனார். நான் வண்டியைப் பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, பக்கெட்டோடு அடியில் நுழைந்தேன். நடுவயிற்றில் பெரிய நட்டு ஒன்று தெரிந்தது. ஸ்பேனர் சரியாக உட்கார்ந்தது. அதுதான் என்று முடிவு செய்துகொண்டேன். கழற்றியதும் நட்டு கை நழுவிப் பக்கெட்டுக்குள் விழுந்தது. பின்னாலேயே ஆயில் இறங்கியது. தேன் மாதிரி இருந்தது. இந்த அக்கா இஞ்சினை என்னமாய் வைத்திருக்கிறார் என்று அடியில் படுத்தபடியே மெச்சிக்கொண்டேன்.

பக்கெட் நிறைந்தது. இஞ்சின் ஆயில் ஏழு லிட்டர் போல வந்து நிற்க வேண்டும். இது நிற்கவில்லை. பக்கெட்டைத் தள்ளிவிட்டு, மாட்டுக்குத் தவிடு வைக்கிற பிளாஸ்டிக் தொட்டியைக் காலால் இழுத்தேன். நல்லவேளை, ஈரமில்லை. வைக்கோல் தூசி மட்டும் கிடந்தது. அதுவும் பாதிக்கு மேல் ஏறியது. வேறு பாத்திரம் எட்டாத தூரத்தில் இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் வலது கட்டைவிரலை ஓட்டைக்குள் வைத்து அழுத்தினேன். ஆயில் நின்றது. நானும் அப்படியே நின்றுபோனேன், படுத்தவாக்கில்.

நட்டு பக்கெட்டின் அடியில். பக்கெட் என் கைக்கு எட்டாத இடத்தில். விரலை எடுத்தால் ஆயில் மண்ணுக்குப் போகும். சோழவந்தான் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போவது கேட்டது. வழக்கமாக நான் ஏறுகிற மாதிரியான பஸ்.

சட்டைப்பையில் இருந்த போனை இடது கையால் எடுத்து, மதுரை வில்லாபுரத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் பழைய லாரி சிநேகிதனைக் கூப்பிட்டேன். அவன் குடும்பத்தோடு அழகர்கோவிலில் இருந்தான்.

"சீக்கிரம் சொல்லு மாப்ள, குரங்கு பையையே பாத்துக்கிட்டு நிக்கிது."

"ஆயில் நிக்கவே மாட்டேங்குது மாப்ள. விரல வச்சு அடச்சிருக்கேன்."

"என்ன கலரு?"

"தேன் கலரு."

போனில் மூச்சு இரைக்கிற சத்தம் கேட்டது. சிரிக்கிறான் என்று புரிந்தது. "ஓடுன இஞ்சின் ஆயிலு எந்த ஊர்ல தேன் கலர்ல வருது? நீ கியர் பெட்டியத் தொறந்துருக்க மாப்ள. பின்னாடி கலப்பையத் தூக்குறதும் அந்த ஆயிலுதான். எம்புட்டு போச்சு?"

"ஒரு பக்கெட்டு, அரைத் தொட்டி."

"தண்ணி கலந்துச்சா?"

"இல்ல. வைக்கல் தூசி."

"அப்பப் பொழச்ச. நல்ல வெள்ளத்துணில ரெண்டா மடிச்சு வடிகட்டித் திரும்ப ஊத்து. அளவு குச்சில கீழ்க்கோட்டத் தொட்டாப் போதும், நாளைக்கு ஓட்டிரலாம். கடை தெறந்ததும் மிச்சத்த ஊத்திக்க. பழைய பனியன்ல வடிகட்டிராத, நூலு உள்ள போயிரும். ஏய், பை, பை..." போன் கட்டானது.

இனி அக்காவைக் கூப்பிடாமல் வழியில்லை. கூப்பிட்டேன். குனிந்து அடியில் பார்த்தார். என்னை, விரலை, தொட்டியை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"அறுவடை மிஷினுக்கும் இப்படித்தான் விரல வைப்பியா?"

"அக்கா, அந்த பக்கெட்டுக்குள்ள நட்டு கெடக்கு."

வளையலை மேலே ஏற்றிவிட்டு முழங்கை வரைக்கும் கையை விட்டுத் துழாவி எடுத்தார். அவரும் பாதி உடம்பு அடியில் நுழைந்தார். நான் விரலை எடுக்க, அவர் நட்டை வைக்க, இருவர் முகத்திலும் ஆயில். நான்கு சுற்று அவரே திருகினார். நான் ஸ்பேனர் போட்டு இறுக்கினேன். வெளியே வந்து விரலைப் பார்த்தேன். வெளுத்து, மரச்சீப்பின் பல் மாதிரி வரி விழுந்திருந்தது.

"வெள்ளத்துணி வேணும்க்கா. புதுசா இருந்தா நல்லது."

அக்கா வீட்டுக்குள் போய் ஒரு வேட்டியோடு வந்தார். மடிப்புக் கலையாதது. ஓரத்தில் குங்குமம் பட்டிருந்தது. வீட்டுக்காரருக்குப் படையலில் வைத்திருந்த வேட்டி.

எனக்குக் கை வரவில்லை. "வேற ஏதாச்சும்..."

"வேற என்னத்த? ஏங்கிட்ட இருக்கிறதெல்லாம் சேலை. அவரு வண்டி, அவரு வேட்டி. நீ பிடி."

ஆளுக்கு இரண்டு முனையை ஒரு கையில் சேர்த்துப் பிடித்தோம். கியர் கம்பிக்குப் பக்கத்து வாயில் புனலை வைத்து, வேட்டி வழியாகக் கிண்ணம் கிண்ணமாக ஊற்றினோம். தூசி எல்லாம் மேலே தங்கியது. ஒன்றரை மணி நேரம் ஆனது. குச்சியை விட்டு எடுத்தால் கீழ்க்கோட்டுக்கு மேல் ஒரு நூல் அளவு இருந்தது. வண்டியைக் கிளப்பி, கலப்பையைத் தூக்கும் கம்பியை இழுத்தேன். ஒரு முனகல். அப்புறம் ஒன்றுமில்லை. அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். இரண்டாம் தடவை இழுத்ததும் கலப்பை மெதுவாக ஏறியது.

பிறகு இஞ்சின் ஆயிலையும் மாற்றினேன். இந்தத் தடவை கீழே இறங்கியது தார் மாதிரி கறுப்பு. "இதுதான் அதுவா?" என்று மட்டும் அக்கா கேட்டார்.

அதற்குள் படையல் ஞாபகம் வந்து கூரையைப் பார்த்தோம். காக்கைக்கு வைத்த இலையில் சோறும் இல்லை, வடையும் இல்லை. ஓரத்தில் ஒரு கோழி நின்றுகொண்டிருந்தது.

"காக்காவா கோழியான்னு தெரியலையே அக்கா."

"அவருக்குப் பசிச்சா எதுல வேணும்னாலும் வருவாரு. கைய கழுவு, சாப்புடலாம்." கை கழுவியும் பாயசம் வரைக்கும் கியர் ஆயில் வாசம்தான்.

மறுநாள் விடியும்போது தண்ணீர் வந்தது. பத்து மணிக்குள் மூன்று ஏக்கரும் தொளி அடித்துவிட்டேன். அதற்கு அடுத்த நாள் நடவு ஆட்கள் இறங்கினார்கள். கடையில் வாங்கி வந்த மிச்ச ஆயிலை அன்று ஊற்றினேன். ஊற்றும் முன் நட்டை இரண்டு தடவை தொட்டுப் பார்த்தேன்.

வேட்டியை அக்கா மூன்று தடவை துவைத்தார். கறை போகவில்லை. தூக்கிப் போட மனம் வராமல் நான்காக மடித்து டிராக்டர் சீட்டில் கட்டிவிட்டார். சீட்டு கிழிந்து கம்பி குத்திக்கொண்டிருந்தது, இப்போது குத்துவதில்லை. அந்த வேட்டியின் மேல் உட்கார்ந்து மூன்றாவது ஆடிக்கு ஓட்டுகிறேன். இந்த அமாவாசைக்கும் ஆயில் மாற்ற வேண்டும். கறுப்பு ஆயில் வருகிற நட்டுக்குப் பக்கத்தில் அக்கா சுண்ணாம்பால் ஒரு பொட்டு வைத்திருக்கிறார்.